பின்பக்கத்துச் சத்தமும் முன்பக்கத்து ஜொயின்றும்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டுக்குள் போகும் சரளைக்கல் கிறவல் றோட்டில் நான் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். மேலே ஆகாயம் இல்லை; எங்கள் ஜீப்பின் வயிறு இருந்தது. பக்கத்தில் சாரதி தவராசா, அவரும் மல்லாக்க. முதுகுக்குக் கீழே குறுணிக் கற்கள். மூக்குக்கு நேரே சூடான எண்ணெய் மணம்.

"டொக்டர், உங்கட பின்னல் கிறீசில படுகுது," என்றார் தவராசா.

மாட்டுக்குக் கீழே படுத்திருக்கிறேன். ஒருமுறை எருமைக்குக் கீழேயும். ஜீப்புக்குக் கீழே படுத்தது அன்றுதான் முதல் தடவை.

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதிய கோழிக் கதையைப் படித்த ஒரு வாசகர், மனிசரைப் பற்றியும் கொஞ்சம் எழுதும்படி சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் கிழமை மனிசர் வருகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரு ஜீப்பைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜீப்புக்குள் ஒரு குருவி

நான் அப்போது ஒரு கால்நடைத் திட்டத்தில் மாட்டு டொக்டராக இருந்தேன். வெளிநாட்டு உதவியில் நடந்த திட்டம். மேசையும் பைலும் உள்ள கந்தோர் வவுனியாவில், மாடுகள் முல்லைத்தீவுக் காடுகளில். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான்.

அது புதிதாக வந்ததல்ல. அதன் கதவில் முடிந்துபோன திட்டங்களின் ஸ்டிக்கர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. குடிநீர்த் திட்டம் உரிந்த இடத்தில் வீட்டுத் திட்டம் தெரியும். வீட்டுத் திட்டம் உரிந்த இடத்தில் துரு தெரியும். எங்கள் மாட்டுப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார்கள். ஒட்டிய அன்றைய வெயிலுக்கே அதன் கொம்பு சுருண்டுவிட்டது.

முதலில் கேட்டது ஒரு சின்னக் கீச்சு. மெதுவாகப் போகும்போது கீழே எங்கோ ஒரு குருவிக்குஞ்சு இருப்பதுபோல. வேகம் கூடினால் குஞ்சுக்கும் அவசரம் கூடும். பிறகு, நிறுத்தி எடுக்கும்போது ஒரு 'டொக்'. ரிவேர்ஸ் போட்டால் இன்னொரு 'டொக்'. கடைசியில் ஏ-ஒன்பது றோட்டில் கொஞ்சம் விரட்டினால் இருக்கையே நடுங்கியது. ஐஸ் பெட்டிக்குள் மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின.

தவராசா நல்ல சாரதி. இருட்டிலும் மாடு குறுக்கே வருவதை மணத்தால் அறிவார். ஆனால் ஜீப்பின் சத்தத்துக்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. ரேடியோவைக் கூட்டுவார்.

"இப்ப கேக்குதே டொக்டர்?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி. சுகமாயிட்டுது."

சத்தத்துக்கு ஒரு கூட்டம்

திட்டத்தின் இணைப்பாளர் குணசிங்கம் சேர். கெட்ட மனிதர் அல்ல. நேரத்துக்கு வருவார், காவலாளிக்கும் வணக்கம் சொல்வார், யாருடைய லீவையும் வெட்டமாட்டார். ஆனால் ஒரு விசயத்தைப் பற்றிக் கூட்டம் வைத்தால்தான் அந்த விசயம் உண்மையிலேயே இருக்கிறது என்று நம்புவார். போன வருசம் கந்தோர்க் கூரையில் ஒழுக்கு வந்தபோது, ஒழுக்குக்குக் கீழேயே மேசையைப் போட்டுக் கூட்டம் நடத்தியவர்.

ஜீப்பின் சத்தத்துக்கும் கூட்டம் வைத்தார். பால் கலக்காத பிளேன்ரீயும் மீன் அடைத்த மாலுபாணும் வந்தன. விவசாயப் பகுதி அலுவலர் எஞ்சின் என்றார். கணக்காளர், பிழை றோட்டில் என்றார். தவராசா கியர்பொக்ஸ் என்றார். தான் மாதக்கணக்காகச் சொல்லி வருவதாகவும் சேர்த்துச் சொன்னார். அவர் மாதக்கணக்காகச் சொல்லி வந்தது 'ஒண்டுமில்லை' என்பதுதான். நான் சில்லின் பேரிங் என்றேன். எல்லோரும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டார்கள், நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?

கடைசியில் குணசிங்கம் சேர் தானே ஒருமுறை ஏறிப் பார்ப்பதாக முடிவாயிற்று. முன் இருக்கையில் ஏறினார். ஓமந்தை வரைக்கும் போய்த் திரும்பினார். இறங்கும்போது முகத்தில் ஒரு தெளிவு.

"சத்தம் முன்னுக்குத்தான் வருது," என்றார்.

"சேர், நீங்கள் இருந்ததும் முன்னுக்குத்தானே," என்றேன்.

"அதைத்தானே டொக்டர் சொல்லுறன். நானே இருந்து கேட்டனான்."

இந்த இடத்தில், ஜீப்பைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம் சொல்ல வேண்டும்.

எஞ்சினின் பலம் தானாகச் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. நடுவில் உள்ள கியர்பெட்டியிலிருந்து முன்சில்லுகளுக்கு ஒரு நீண்ட இரும்புத் தண்டு, பின்சில்லுகளுக்கு ஒன்று. சுழன்று பலத்தைக் கொண்டுபோகும் இந்தத் தண்டைச் சாஃப்ட் என்பார்கள். சாஃப்டின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஜொயின்ற் இருக்கும். சிலுவை மாதிரி நான்கு கை உள்ள இரும்புத் துண்டு அது. ஒவ்வொரு கைக்கும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது சாஃப்ட் மடங்கிக்கொண்டே சுழல்வது இந்த ஜொயின்றால்தான்.

சாதாரண றோட்டில் பின்சாஃப்ட் மட்டும் வேலை செய்யும். மணலிலும் சேற்றிலும் ஒரு லீவரை இழுத்தால் முன்சாஃப்டும் கைகொடுக்கும். அப்படியென்றால் முதலில் தேய்வது எது? வாசித்துக்கொண்டிருக்கும் நீங்கள் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள். மாலுபாண் தின்றவர்கள் சொல்லவில்லை.

நலீம் நானாவும் கடிதமும்

சத்தம் முன்னுக்கென்றால் பிழை முன் ஜொயின்றில்தான் என்று குணசிங்கம் சேர் கடிதம் எழுதித் தந்தார். ஜீப்பை முள்ளியவளைக்குக் கொண்டுபோனோம். அங்கே நலீம் நானாவின் கராஜ். புத்தளத்தில் பல காலம் அகதியாக இருந்து, திரும்பி வந்து, தன் பழைய வளவில் தகரம் அடித்துத் தொடங்கிய கராஜ். தன்னைப் போல மெக்கானிக் அனுராதபுரத்துக்கு இப்பால் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பக்கத்துப் பேக்கரிக்காரரிடம் சொல்வார்.

கந்தோர்க் கடிதத்தை வாசித்தார். "முன் ஜொயின்ற் ரெண்டையும் மாத்தச் சொல்லி இருக்கு. மாத்தித் தாறன்."

"பின்னுக்கும் ஒருக்காப் பாருங்கோ நானா."

"பின்னுக்குக் கடிதம் இருக்கா மிஸ்?"

இல்லை. முன்னுக்கு மட்டும் புது ஜொயின்ற் பூட்டப்பட்டது. கழற்றியவற்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தன. நானாவும் பார்த்தார். "இன்னும் ஓடியிருக்கும்," என்று சொல்லி, அவற்றைத் துடைத்துப் பத்திரமாகத் தன் அலுமாரிக்குள் வைத்தார்.

திருத்திய ஜீப்பைத் திட்டத்துக்குக் கையளிக்க ஒரு சின்ன நிகழ்வு வைத்தார்கள். நன்கொடையாளருக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். ரிபன் கட்டினார்கள். வெள்ளை வேட்டியோடு வந்த விருந்தினர் ரிபனை வெட்டிவிட்டு, எதைத் திறந்துவைத்தோம் என்று பார்க்க ஆசைப்பட்டார். அதற்குக் குனிய வேண்டியிருந்தது. அவர் குனிந்ததும் மரியாதைக்காக மற்றவர்களும் குனிந்தார்கள். கொஞ்ச நேரம் எங்கள் கந்தோர் வாசலில் ஜீப்பைக் கும்பிடுவது போன்ற ஒரு காட்சி இருந்தது. படப்பிடிப்பாளர் அதைப் பின்னாலிருந்து எடுத்துவிட்டார்.

தவராசா ஜீப்பை எடுத்தார். 'டொக்' என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சத்தம் அதில் அமுங்கிவிட்டது.

கால்-வாய் நோய்

இதுவரை சிரித்தோம். இனிமேலும் இடைக்கிடை சிரிக்கலாம்.

அந்த வருசம் மாரி தொடங்குமுன்னம் கால்-வாய் நோய் வந்தது. மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போடும். பெரிய மாடு நொண்டி, மெலிந்து, தப்பிவிடும். கன்றுகளுக்கு அது இதயத்தைப் பிடிக்கும். தாயில் பால் குடித்துக்கொண்டு நின்ற கன்று அப்படியே சரியும். வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுப்பூசி போட வேண்டும். தடுப்பூசியை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

பட்டிகள், அதாவது மாடுகளை அடைக்கும் வேலிகள், காட்டுக்குள் தூரத்தூர இருந்தன. எல்லாவற்றிலும் கடைசி, ஆற்றுக்கு அப்பால் லெச்சுமியக்காவினது. அவரது தாய்தகப்பன் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து கலவரத்துக்கு ஓடி வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியிருந்தவர்கள். போரின் கடைசிக் காலத்தில் இருந்த மாடெல்லாம் போய், திரும்பி வந்து ஒரு பசுவோடு தொடங்கியவர் லெச்சுமியக்கா. இப்போது ஒரு பட்டி நிறைய மாடு. புருசன் இல்லை. பிள்ளைகள் கிளிநொச்சியில் கடைகளில் வேலை.

நாங்கள் போகும் அன்று காலையே போன் எடுத்தார்.

"மாட்ட மேய விடாம அடைச்சு வச்சிருக்கேன் டாக்டர். பட்டினியா நிக்குதுங்க. எப்ப வர்றீங்க?"

"பின்னேரத்துக்குள்ள வந்திருவம் அக்கா. ஆத்துக்கு இஞ்சால உள்ள பட்டியளை முடிச்சிட்டு வாறம்."

ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டு றோட்டில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். ஒரு குழியில் இறங்கி ஏறும்போது பின்னால் 'டமார்' என்று ஒரு அடி. தொடர்ந்து தரையை யாரோ இரும்பால் தட்டுவதுபோல அடி அடியாக. தவராசாவின் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போய், பாதியில் நின்றது.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஜீப்புக்குக் கீழே வந்து சேர்ந்தோம்.

வயிற்றுக்குக் கீழே

தவராசா சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். கியரை நியூற்றலுக்குத் தள்ளினார். நொண்டும் கன்றின் மூட்டைப் பார்ப்பது எனக்குத் தெரியும். மேல் எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் எலும்பை மற்றக் கையால் திருக வேண்டும். வேறு ஒன்றும் தெரியாததால் அதையே செய்தேன்.

முன்சாஃப்டைத் திருகினேன். கல்லு மாதிரி இருந்தது. புதுசு அல்லவா. பின்சாஃப்டின் முன் நுனியைத் திருகினேன். கொஞ்சம் ஆடியது. பின் நுனிக்கு நகர்ந்து போய், ஒரு கையால் சாஃப்டையும் மறுகையால் அது பூட்டியிருந்த வளையத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினேன்.

'டொக்.'

அதே டொக். கூட்டத்தில் வைத்துக் கதைத்த டொக், ரிபன் வெட்டிய டொக்.

ஜொயின்றைச் சுற்றிச் செங்கல் தூள்போல ஒரு பொடி ஒட்டியிருந்தது. கிறீஸ் காய்ந்து, உள்ளே இருந்த ஊசிகள் அரைபட்டு, துருவாகி வெளியே வந்த பொடி. ஒரு கிண்ணம் ஏற்கெனவே பாதி வெளியே தள்ளியிருந்தது.

"கியர்பொக்ஸ் இல்லைப் போல," என்றார் தவராசா.

"பேரிங்கும் இல்லை அண்ணை," என்றேன்.

தவராசா கையை நீட்டிச் சாஃப்டை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"இதோட ஓடினா சாஃப்ட் கழண்டு விழும் டொக்டர். சுழண்டு அடிக்கேக்க டீசல் ராங்கியும் மிஞ்சாது."

"கழட்டிப் போட்டா?"

"கழட்டினா பின்சில்லுக்குப் பலம் இல்லை. முன்சில்லு மட்டும்தான் இழுக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "முன்னுக்குப் புதுசுதானே போட்டுக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். குணசிங்கம் சேரின் பிழையான வைத்தியம் அந்தக் காட்டில் எங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது. நட்டுகளைக் கழற்றி, பின்சாஃப்டை இறக்கி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தை மாதிரிக் கிடத்தினோம். லீவரை இழுத்து முன்சாஃப்டைச் சேர்த்தார் தவராசா. ஜீப் ஒருமுறை யோசித்துவிட்டு நகர்ந்தது. முன்சில்லின் இழுவையில் ஆற்றுக்கு இப்பால் உள்ள பட்டிகள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டு முடித்தோம்.

ஆற்றங்கரையில் நிறுத்தினோம். தண்ணீர் இல்லை, அகலமான காய்ந்த மணல். பாதிப் பலத்தோடு அதற்குள் இறக்க முடியாது என்றார் தவராசா. நான் லெச்சுமியக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப மாட்டத் திறந்து விடட்டா டாக்டர்?"

திறந்து விட்டால் அவை நோய் கண்ட மாடுகளோடு மேயும். திறக்காவிட்டால் பட்டினி. "விடுங்கோ அக்கா," என்றேன்.

விதி

அடுத்த நாள் பின்சாஃப்டைக் குணசிங்கம் சேரின் மேசையில் வைத்தோம். மேசை விரிப்பில் துரு கொட்டியது.

"ஜொயின்ற் இப்பதானே மாத்தினது," என்றார்.

"அது முன் ஜொயின்ற் சேர். இது பின் ஜொயின்ற்."

"ரெண்டுக்கும் பேர் ஒண்டுதானே டொக்டர். ஒரே சாமானை ஒரே வருசத்தில ரெண்டு தரம் மாத்தினா கணக்குப் பாக்க வாற ஓடிற்றுக்கு நான் என்ன சொல்லுறது? அதோட வண்டி ஓடுதுதானே."

"ஆத்து மணலுக்குள்ள ஓடாது சேர்."

"புது ஜொயின்ற் போட்ட வண்டி ஏன் ஓடாது? நானும் வாறன்."

புது ஐஸ், புதுக் குப்பிகளோடு மீண்டும் போனோம். முன் இருக்கையில் குணசிங்கம் சேர். ஜீப் ஆற்று மணலில் நடுப்பகுதி வரை போனது. பிறகு முன்சில்லுகள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று, தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டன. பின்சில்லுகள் வெறுமனே நின்று பார்த்தன. சேர் இறங்கிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். மணல் அவரது சேர்ட் பைக்குள்ளும் போயிற்று.

அந்த வழியால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி வந்தது.

"சேர், ஐஸ் பெட்டியை இதில ஏத்தி நான் முன்னுக்குப் போறன். ஜீப் பிறகு வரட்டும்," என்றேன்.

"மருந்து திட்ட வாகனத்தில மட்டும்தான் போகலாம் டொக்டர். அது விதி."

"வெயில் ஏறுது சேர்."

"வழியில ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

கரையில் மருதமரத்துக்குக் கீழே, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லான்ட்மாஸ்டர்காரர் கயிறு கட்டி இழுத்தார். கயிறு அறுந்தது. வேறு கயிறு எடுக்கப் போனார். வந்தார். நான் மூன்று தரம் கேட்டிருப்பேன். மூன்றாம் தரம் கேட்டபோது சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கொண்டு போங்கோ," என்றார்.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் தண்ணீராகியிருந்தது. தண்ணீரும் இளஞ்சூடாகியிருந்தது. அந்த மருந்தை இனி ஒரு மாட்டுக்கும் போட முடியாது. மூடியை மூடினேன். சேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார். கரையில் நின்றபடியே நலீம் நானாவுக்குப் போன் எடுத்தார்.

"கடிதம் பிறகு வரும். பின்னுக்கு மாத்துங்கோ."

ஊசி ஊசியாக

ஜீப்பைக் கயிற்றால் கரையேற்றி முள்ளியவளைக்குக் கொண்டுபோனோம். நானா வேலை தொடங்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். முதலில் சாஃப்டிலும் அதன் வளையத்திலும் உளியால் ஒரு கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது கோட்டுக்குக் கோடு நேராக வர வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கம் போகாது. கிண்ணங்களைப் பிடித்திருந்த கம்பி வளையங்களைக் குறட்டால் எடுத்தார். வைசில் வைத்து இறுக்கி, பழைய கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். ஒன்றுக்குள் ஊசிக்குப் பதில் சிவந்த மா மட்டும்தான் இருந்தது.

"இத வச்சா ஓடினீங்க?" என்றார்.

"கடிதம் இல்லையே நானா," என்றார் தவராசா.

புதுக் கிண்ணங்களில் ஊசிகள் கிறீசில் ஒட்டி வட்டமாக நின்றன. ஒரு ஊசி சாய்ந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது. நானா முதல் தரம் அவசரப்பட்டார். ஒரு ஊசி விழுந்தது. அது கம்பனிக்காரரின் பிழை என்று சொல்லிவிட்டுத் திரும்ப அடுக்கினார். இரண்டு நுனிக்கும் மாற்றி, கிறீஸ் அடித்து, கோடு பார்த்துப் பூட்டினார். முறிகண்டி வரை ஓடிப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் மருந்து கொழும்பிலிருந்து திரும்ப வர நாளெடுத்தது. அதற்குள் எத்தனையோ முறை போன் எடுத்தேன். லெச்சுமியக்கா கடைசி இரண்டு முறையும் எடுக்கவில்லை.

ஆற்றுக்கு அப்பால்

குணசிங்கம் சேர் தானும் வருவதாகச் சொன்னார். இந்த முறை பின் இருக்கையில் ஏறினார். ஜீப் நான்கு சில்லாலும் ஆற்று மணலைத் தாண்டியது.

லெச்சுமியக்கா மாடுகளை அடைத்து வைத்திருந்தார். சில வாயில் நுரையோடு தலையைத் தொங்கவிட்டு நின்றன. பாதிக்கு மேல் இன்னும் சுகமாக இருந்தன. அவற்றுக்காவது போட வேண்டும். வேலிக்கு வெளியே, பாலைமரத்துக்குப் பக்கத்தில் புதிதாக மண் கிளறிக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை லெச்சுமியக்கா பார்த்தார்.

"முதல்ல டீயக் குடிங்க," என்றார்.

தகரக் கோப்பைகளில் பிளேன்ரீ தந்தார். குணசிங்கம் சேர் ஒரு மிடறு குடித்தார். பேச்சை எப்படியாவது தொடங்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"இவ்வளவு மாடு நிக்குது. பால் விடயில்லையா அக்கா?"

லெச்சுமியக்கா அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாதவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கன்னு முட்டாம மாடு பால் விடாதுங்க ஐயா."

நான் குப்பியை எடுத்து ஊசியில் மருந்தை ஏற்றினேன். தவராசா முதல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்ததைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. குணசிங்கம் சேர் கோப்பையை நிலத்தில் வைத்தார். சேர்ட் கையை மடித்துக்கொண்டு பட்டிக்குள் வந்து, கயிற்றை எந்தப் பக்கத்தால் பிடிக்க வேண்டும் என்று லெச்சுமியக்காவிடம் கேட்டார்.